சாப்பாட்டு அறையில் பன்னிரண்டு பூச்சிகள்

தலைக்கு மேலே பன்னிரண்டு பூச்சிகள் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு மனிதனுக்குச் சோறு எப்படி இறங்கும் என்பதுதான் எனக்கு வந்த முதல் சந்தேகம். டீச்சருக்கு வந்த சந்தேகம் வேறு.

"சார், இதெல்லாம் ஒரிஜினலா?" என்று பட்டென்று கேட்டுவிட்டார்.

வீட்டுக்காரர் சிரித்தார். தாவரவியல் தோட்டத்தின் தலைமை அதிகாரியாக இருபது வருடம் உட்கார்ந்துவிட்டு ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை. தோட்டத்து ஊழியர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் சிவப்புப் பென்சில். யார் எதை எழுதிக் கொடுத்தாலும், அது வெறும் லீவு லெட்டராகவே இருந்தாலும், நாலு இடத்தில் திருத்தாமல் கையெழுத்துப் போடமாட்டாராம்.

"ஒரிஜினல் என் சுவர்ல இருந்தா நான் ஜெயில்ல இருக்கணும்மா. அதைத் திருடினவன் வேற. இது காப்பி. வீட்டு அலங்காரம் பண்ணித் தர்ற பொண்ணு கொண்டுவந்து காட்டினா. பழங்காலத்துச் செடிப் படம், பூச்சிப் படம் மாட்டுறதுதானே இப்ப ஃபேஷன். பார்த்த உடனே காப்பின்னு தெரிஞ்சுபோச்சு. ஆனாலும் நல்லா இருந்துச்சு, மாட்டிட்டேன்."

நீளச் சுவர் முழுக்கக் கருமரச் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு செடி, அந்தச் செடியைத் தின்றே வளரும் ஒரு பூச்சி. எருக்கில் வரிவரியான புழு. ஆமணக்கில் முள் முளைத்த புழு. எலுமிச்சை இலையில் காக்கா எச்சம் மாதிரி ஒன்று. கடைசியாக ஜன்னலோரம், கொம்பைச் சுற்றி ஏறும் அவரைக்கொடி, அதன் பூவில் ஒரு நீலப் பட்டாம்பூச்சி. பூச்சி என்றால் விளக்குமாற்றைத் தேடுகிறவன் நான். நானே இரண்டு நிமிடம் வாய் பேசாமல் நின்றேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"சந்தேகமா இருந்தா எடுத்துப் பாருங்க," என்று மூன்றாவது சட்டத்தைத் தானே கழற்றி டீச்சர் கையில் கொடுத்தார். புத்தம் புதுத் தாள். பின்னால் அலங்காரக் கடையின் சீட்டு. காப்பியேதான்.

"திருடினவன் எங்கிட்ட வேலை பார்த்தவன்தான்," என்றார், யாரும் கேட்காமலே. "செத்துப்போயிட்டான், பாவம். நான் அப்பவே மன்னிச்சுட்டேன். ஞாயித்துக்கிழமை மதியம் பழைய சகாக்களுக்கு விருந்து வச்சிருக்கேன். நீங்களும் வாங்களேன்."

மன்னித்துவிட்டாராம். எனக்கு அந்தச் சட்டத்தாலேயே அவர் மண்டையில் ஒன்று போடலாம் போலிருந்தது. டீச்சரும் நானும், புது வீட்டை அலங்கரிக்க யோசனை கேட்டு வந்த அக்கா, தம்பி என்று சொல்லி உள்ளே நுழைந்திருந்ததால் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். போகும் முன் சுவர் முழுவதையும் ஃபோனில் ஒரு படம் பிடித்துக்கொண்டேன். அவர் தலையை வாரிக்கொண்டு பக்கத்தில் நின்றுகூடக் கொடுத்தார்.

என்னை எல்லோரும் டைனமோ என்பார்கள். வாய் ஓடிக்கொண்டே இருப்பதால் ஒன்பதாம் வகுப்பில் கணக்கு டீச்சர் வைத்த பெயர். அந்த டீச்சர்தான் இந்த டீச்சர். யார் வீட்டுப்பாடத்தை யார் பார்த்து எழுதினார்கள் என்று இருபத்திரண்டு வருடம் கண்டுபிடித்துக் கண்டுபிடித்து, அந்த ருசியிலேயே வேலையை விட்டுவிட்டுத் துப்பறிய வந்தவர். அவரிடம் கணக்கில் ஃபெயிலான நான் இப்போது அவருக்கு உதவியாளன்.

எங்களை இதில் இழுத்துவிட்டது ஒரு அக்கா. முந்தின நாள் ஆபீஸுக்கு வந்து, வீட்டு அலங்காரப் பத்திரிகை ஒன்றை மேசையில் விரித்தார். இரண்டு பக்கத்துக்கு இந்தச் சாப்பாட்டு அறை. டீ கிளாஸைப் பிடித்த கையில் கட்டைவிரல் நகம் மட்டும் பச்சையாக இருந்தது. ஏதோ மருந்து என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் சொன்ன விஷயம் இதுதான். தோட்டத்து அலமாரியில் நூறு வருடத்துக்கு முந்திய பன்னிரண்டு படங்கள் இருந்தன. அலமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று சிவப்புப் பென்சிலிடம். இன்னொன்று, புத்தகத்துக்காக அந்தப் படங்களைப் பார்த்துப் பிரதி எடுத்துக்கொண்டிருந்த படக்காரரிடம், அதாவது அக்காவின் கணவரிடம். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒருநாள் அலமாரி காலி. சாவி வைத்திருந்த இருவரில் யார் திருடன் என்று முடிவு செய்ய விசாரணைக் கமிட்டிக்கு அரை நாள்கூடத் தேவைப்படவில்லை. பதவியில் இருப்பவர் சொன்னால் அது சாட்சி, படக்காரர் சொன்னால் அது சாக்கு. வேலை போய், கடைகளுக்குப் போர்டு எழுதி, மூன்றே வருடத்தில் படக்காரர் போய்ச் சேர்ந்தார்.

"அவர் போட்டோ தோட்டத்து வாசல்ல இன்னும் தொங்குது," என்றார் அக்கா. "'திருட்டுக் குற்றத்துக்காக நீக்கப்பட்டவர், உள்ளே விட வேண்டாம்'னு கீழ எழுதியிருக்கு. செத்து ஆறு வருஷம் ஆச்சு. செத்தவரை யார் உள்ள விடப்போறா? அதைக் கழட்டணும். கழட்டின அதே ஆணியில அந்தாள் போட்டோ தொங்கணும். அதைக் கண்ணால பார்த்துட்டுத்தான் நான் சாவேன்."

"நாங்க என்ன செய்யணும்?" என்று டீச்சர் கேட்டார்.

"அந்த வீட்டுக்குப் போங்க. சுவரைப் பாருங்க. பார்த்ததை வந்து சொல்லுங்க."

பார்த்துவிட்டோம். பன்னிரண்டும் காப்பி என்றால் இனி இந்த வழக்கில் என்ன இருக்கிறது என்று ஸ்கூட்டரில் திரும்பும்போது கேட்டேன். டீச்சர் பின்னால் உட்கார்ந்து என் தோளைத் தட்டிக்கொண்டே வந்தார். யோசனை ஓடும்போது அவருக்கு அப்படி ஒரு பழக்கம்.

"டைனமோ, உன் வீட்ல திருட்டுப்போன சைக்கிளை ஒரு கடைல பார்த்தா என்ன பண்ணுவே?"

"கடைக்காரன் சட்டையைப் பிடிப்பேன்."

"அதே மாதிரி வேற சைக்கிளா இருந்தா?"

"முதல்ல சட்டையைப் பிடிச்சுட்டு, அப்புறம் உத்துப் பார்ப்பேன்."

"இந்தாள் உத்தே பார்க்கலையே. பார்த்த உடனே காப்பின்னு தெரிஞ்சுதாம். அது எப்படி? சரி, காப்பி வரைஞ்சது யாருன்னு பார்ப்போம். வண்டியை அலங்காரக் கடைக்கு விடு."

கடையில் திரைச்சீலைத் துணிகளுக்கும் சுவர் வண்ண அட்டைகளுக்கும் நடுவில் சட்டம் போட்ட வண்டுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒரு புது மாப்பிள்ளை, படுக்கையறைக்கு வண்டு வேண்டாம், பட்டாம்பூச்சி போதும் என்று பெண்டாட்டியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான். அவள் மசியவில்லை. அலங்காரம் செய்யும் பெண் எங்களிடம் வந்தாள்.

"அந்தப் பன்னிரண்டு படமா? ஒரு அம்மா வரைஞ்சு கொண்டுவந்தாங்க. அந்த வீட்டு வேலை நான் எடுத்திருக்கேன்னு தெரிஞ்சுக்கிட்டு வந்தாங்க. அங்கதான் மாட்டணும், வேற எங்கயும் கொடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

"பார்க்க எப்படி இருப்பாங்க?"

"ஒல்லியா இருப்பாங்க. கட்டைவிரல் நகத்துல எப்பவும் பச்சைச் சாயம்."

டீச்சர் முகம் சுருங்கியது. எங்களை ஏவிவிட்டவரே படங்களை வரைந்து, அவரே சுவர் ஏற்றி, அவரே எங்களை அனுப்பிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். பிறத்தியார் மேல் பழி போட டீச்சரைக் கருவியாக்கினால் டீச்சர் சும்மா இருக்கமாட்டார். நான் வண்டியைக் கிளப்பும் முன்பே ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அக்கா குடியிருந்தது ஒரு சலவைக் கடையின் மாடியில், ஒரே அறையில். துணி காயப்போடும் கொடியில் டிரேசிங் தாள்கள் கிளிப் மாட்டித் தொங்கின. தரையில் சாயக் கிண்ணங்கள். எங்களைப் பார்த்ததும் தூரிகையைக் கழுவி வைத்தார்.

"ரெண்டு நாள் ஆகும்னு நெனச்சேன். அதுக்குள்ள வந்துட்டீங்க."

"என்னை வச்சுப் பொய்க்கேஸ் போடலாம்னு பார்த்தீங்களா?" என்றார் டீச்சர். "அந்தப் படமெல்லாம் நீங்க வரைஞ்சது."

"ஆமா. அவர் எடுத்து வச்சிருந்த டிரேசிங்கை வச்சு நான்தான் வரைஞ்சேன். அதெல்லாம் ஒரிஜினல்னு நான் சொன்னேனா? சுவரைப் பாருங்கன்னுதானே சொன்னேன்."

"பேச்சை மாத்தாதீங்க."

எனக்கும் கோபம். டீச்சர் கையிலிருந்த பத்திரிகையைப் பிடுங்கி விரித்து, பக்கத்தில் ஃபோனில் இருந்த காலைப் படத்தை வைத்தேன். "வேலை என்னவோ பிரமாதம்க்கா. ஈயடிச்சான் காப்பி. புழுவோட ஒரு கால்கூட விட்டுப்போகலை. பாருங்க, பத்திரிகையிலயும் இதேதான், காலைல நான் எடுத்ததுலயும் இதேதான். எருக்கு, ஆமணக்கு, எலுமிச்சை..." என்று விரலை நகர்த்திக்கொண்டே போனவன் பன்னிரண்டாவதில் நின்றுவிட்டேன்.

பத்திரிகையில் நீலப் பட்டாம்பூச்சி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. காலையில் எடுத்த படத்தில் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

"டீச்சர், இது திரும்பி உட்கார்ந்திருக்கு."

டீச்சர் குனிந்தார். "பத்திரிகைல போட்டோவை இடம் வலம் மாத்தி அடிச்சிருப்பாங்க."

"அப்படின்னா மத்த பதினொண்ணும் மாறியிருக்கணும். சுவர்க் கடிகாரத்துல நம்பரும் மாறியிருக்கணும். அதெல்லாம் சரியா இருக்கு."

"ஒன்பதாவதுலயே இப்படி யோசிச்சிருந்தா பாஸ் ஆகியிருப்பே," என்றார் டீச்சர். ஆனால் குரலில் இருந்த கோபம் காணாமல் போயிருந்தது.

அக்கா என் ஃபோனைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயந்த மாதிரி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொடி எப்படிச் சுத்துது?" என்று கேட்டார். "கீழ இடது பக்கத்துல இருந்து வலது பக்கமா மேல ஏறுதா?"

"ஆமாக்கா. பத்திரிகைல இருக்கிறதுதான் வலமிருந்து இடமா ஏறுது."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒன்பது வருடம் காத்திருந்தவருக்கு இரண்டும் சேர்ந்துதான் வந்திருக்க வேண்டும்.

"உலகத்துல எந்த அவரையும் இடமிருந்து வலமாத்தான் ஏறும்," என்றார் முந்தானையை எடுத்துவிட்டு. "நான் வரைஞ்சது தப்பு. வேணும்னே வரைஞ்ச தப்பு. படத்து மேல டிரேசிங் தாளை வச்சு கோடு எடுப்போம். தாளோட பின்னால பென்சிலைத் தேய்ச்சு, புதுத் தாள் மேல வச்சு அழுத்தினா கோடு இறங்கும். தாளை மறுபக்கம் திருப்பி வச்சுட்டா எல்லாமே இடம் வலமா மாறிடும். வேலைக்குப் புதுசா வர்றவங்க எல்லாரும் ஒரு தடவையாவது இந்தத் தப்பைப் பண்ணுவாங்க. பூவைப் பார்த்தா தெரியாது, பூச்சியைப் பார்த்தாலும் தெரியாது. சுத்துற கொடியில மட்டும் மாட்டிக்கும்."

"அந்தாளே முதல்ல கவனிக்கலையா?" என்றேன்.

"பூச்சியைத்தான் ரசிச்சிருப்பார். பத்திரிகைல வந்தப்புறம் நானே வேற பேர்ல வாசகர் கடிதம் போட்டேன். தாவரம் படிச்சவர் வீட்லயே அவரைக்கொடி தப்பாச் சுத்துதேன்னு. போன மாசம் அச்சுல வந்துடுச்சு. அந்தாளுக்கு அடுத்தவன் வாழ்க்கையைக் கெடுத்துட்டுத் தூங்க முடியும். தன் வீட்ல ஒரு தப்பு தொங்குதுன்னு நாலு பேர் சிரிச்சா தூக்கம் வராது. பதினெட்டு வருஷம் என் வீட்டுக்காரர் அந்தப் பென்சில்கிட்ட பட்டிருக்கார், எனக்குத் தெரியாதா?"

டீச்சர் மெதுவாக எழுந்தார். "விருந்துக்கு ஆள் வர்றாங்க. சுவர்ல ஒரு இடம் காலியா இருந்தா கேப்பாங்க. தப்பான படம் இருந்தா சிரிப்பாங்க. திருடின சரியான படம் அவர் வீட்டு அலமாரிக்குள்ள சும்மா கிடக்குது. பன்னிரண்டும் காப்பின்னு ஊருக்கே சொல்லியாச்சு, அதுல ஒண்ணு ஒரிஜினல்னு யாருக்குத் தெரியப்போகுது? எடுத்து மாட்டிட்டார். முன்னாடியே இதை எங்ககிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா உள்ள போனதும் அதையேதான் பார்த்திருப்பீங்க. அந்தாள் கண்ணுக்கு அது தப்பாது. அதோட, நான் சொன்னா பழிவாங்கப் பேசுறான்னு சொல்வாங்க. நீங்களா கண்டுபிடிச்சாத்தான் அது சாட்சி."

"பழி வாங்கத்தானே பண்றீங்க?"

"ஆமா," என்றார் அக்கா, கொஞ்சமும் கூசாமல். "அதுல என்ன தப்பு?"

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டார். படி இறங்கும்போது என்னிடம் சொன்னார்: "இத்தனை வருஷம் தப்பை வச்சுத்தான் ஆளைப் பிடிச்சேன் டைனமோ. சரியா இருக்கிறதை வச்சு ஒருத்தனைப் பிடிக்கிறது இதுதான் முதல் தடவை."

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூவருமாகப் போனோம். அக்காவைச் சொந்தக்காரர் என்று டீச்சர் அறிமுகம் செய்தார். அந்த ஆள் அக்காவைப் பார்த்து, "வாங்கம்மா, உட்காருங்க," என்றார். கணவருக்காக நாற்பத்தோரு நாள் அவர் ஆபீஸ் வாசலில் நின்ற பெண்ணின் முகம் அவருக்கு ஞாபகமே இல்லை. ஒருநாளாவது நிமிர்ந்து பார்த்திருந்தால்தானே.

மேசையைச் சுற்றிப் பத்துப் பேர். அன்று விசாரணைக் கமிட்டிக்குத் தலைமை வகித்த முன்னாள் நீதிபதி. தோட்டத்தின் இப்போதைய தலைமை அதிகாரியான ஒரு பெண்மணி. பழைய சகாக்கள் சிலர். அலங்காரப் பெண்ணும் வந்திருந்தாள்; அக்காவைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்று டீச்சர் முன்பே சொல்லிவைத்திருந்தார். எல்லோரும் சுவரைப் பார்த்துப் பார்த்துப் புகழ, வீட்டுக்காரர் ஒவ்வொரு புழுவுக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். சூப் ஆறிக்கொண்டிருந்தது.

"எல்லாம் சரி சார்," என்றார் டீச்சர். "அந்த அவரைக்கொடி தப்பாச் சுத்துதுன்னு பத்திரிகைல ஒரு லெட்டர் வந்துச்சே."

நான்கைந்து பேர் சிரிப்பை அடக்கினார்கள். எல்லோரும் படித்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் காது சிவந்தது.

"எவனோ தெரியாம எழுதினது. நீங்களே பாருங்க, இடமிருந்து வலம். கச்சிதமாச் சரியா இருக்கு."

நான் பத்திரிகையை விரித்து மேசை நடுவில் வைத்தேன். "இதுல வலமிருந்து இடமா இருக்கே சார்?"

"போட்டோவைத் திருப்பி அச்சடிச்சிருப்பாங்க."

"கடிகாரம் திரும்பலையே சார்," என்றேன். இந்த ஒரு வரியைச் சொல்ல இரண்டு நாளாகத் தொண்டையைத் தீட்டி வைத்திருந்தேன்.

இப்போதைய அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்திரிகையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி பத்திரிகையைப் பார்த்தார். யாரும் ஸ்பூனை எடுக்கவில்லை.

"அது... முதல்ல தப்பா இருந்துச்சு. இந்தப் பொண்ணுகிட்ட சொல்லி மாத்தினேன்."

"நான் எதையும் மாத்தலையே சார்," என்றாள் அலங்காரப் பெண். அவள் பொய் சொல்லப் பழகாதவள். "நீங்க சொல்லவே இல்லையே."

"அப்ப மாத்தினது யாரு?" என்றார் டீச்சர். "தப்பான படத்தை எடுத்துட்டு, அதே அளவுல, சரியான படத்தை மாட்டினது யாரு சார்? அந்தச் சரியான படம் எங்கிருந்து வந்துச்சு?"

"அந்த ஆணி ஆடுது, கை வைக்காதீங்க," என்று எழுந்தார். அதற்குள் நான் நாற்காலி மேல் ஏறியாகிவிட்டது. ஆணி சுவரோடு சுவராக உறுதியாக இருந்தது. சட்டத்தை இறக்கி நீதிபதி முன்னால் குப்புற வைத்தேன். அன்று பார்த்த படத்துக்குப் பின்னால் கடைச் சீட்டு இருந்தது. இதற்கு இல்லை. அட்டையை நெம்பி எடுத்தேன். உள்ளே இருந்த தாள் ஓரமெல்லாம் பழுத்துப்போயிருந்தது. முதுகில் தோட்டத்தின் வட்ட முத்திரை, அதன் நடுவில் நீல மையில் ஓர் எண்.

வீட்டுக்காரர் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போதைய அதிகாரி ஃபோனை எடுத்து, யார் காதிலும் விழாமல் பேச ஜன்னல் பக்கம் போனார். போலீஸ் என்ற சொல் மட்டும் கேட்டது.

அக்கா அப்போதுதான் எழுந்தார். கைப்பையிலிருந்து எட்டாக மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்து, கையால் நீவி, நீதிபதி முன்னால் வைத்தார். ஒன்பது வருடத்துக்கு முந்திய விசாரணை உத்தரவு. நீதிபதியே எழுதியது.

"இதுல பன்னிரண்டு படத்தோட நம்பரும் இருக்கு. இந்த நம்பரும் இருக்கான்னு பாருங்க."

நீதிபதி பார்த்தார். "இருக்கும்மா."

"அன்னிக்கு நூறு பேர் முன்னால சத்தமா வாசிச்சீங்க. நான் வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தேன், எனக்கே கேட்டுச்சு. இப்பவும் வாசிங்க."

அந்த மனிதருக்கு எண்பது வயதிருக்கும். தாளை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் வாசிக்க ஆரம்பித்தார்.

"கேட்கலை," என்றார் அக்கா.

குரலை உயர்த்தினார். தேதி, அலமாரி எண், படங்களின் எண்கள் எல்லாம் வந்தன. 'மேற்படி படங்களைத் திருடியவர்' என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டார். அடுத்த சொல் படக்காரரின் பெயர்.

"நிறுத்தாதீங்க ஐயா. அங்க யார் பேர் வரணுமோ அதைப் போட்டு வாசிங்க."

நீதிபதி தலையைத் தூக்கி வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் ஆறிப்போன சூப்பில் கண்ணை வைத்துக்கொண்டார். மறுக்க வாய் திறந்திருந்தால்கூட எனக்கு அவர் மேல் கொஞ்சம் மரியாதை வந்திருக்கும். நீதிபதி அவருடைய முழுப் பெயரையும், இருபது வருடம் வகித்த பதவியையும், வாங்கிய பட்டங்களையும் விடாமல் சேர்த்து, அந்த வாக்கியத்தை வாசித்து முடித்தார்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு வீட்டுக்காரருக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"இன்னொரு தடவை வாசிங்க," என்றார்.